சூளை மேல் காயவைத்த டிவி பெட்டி

எங்கள் வீட்டு டிவி பெட்டிக்குள் கரப்பான் பூச்சிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது ஒரு நாள் காலை ராசிபலன் நேரத்தில்தான் தெரியவந்தது. பெட்டி என்றால் டிவி அல்ல. டிவிக்குக் கீழே பலகையில் கிடக்குமே, கேபிள்காரர் கொடுத்த கறுப்புப் பெட்டி, அது. அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து இரண்டு மீசைகள் வெளியே வந்து ஆடின. என் ராசிக்கு அன்றைக்கு நல்ல செய்தி வரும் என்று டிவியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சீப்பைத் தலையிலேயே செருகிவிட்டுத் துடைப்பக்கட்டையால் பெட்டியை ஒரு தட்டு தட்டினேன். பொலபொலவென்று கொட்டின. பெரியது, சின்னது, இன்னும் நிறம்கூட ஏறாத வெளுத்த குஞ்சுகள். ஒன்று என் கால் மேல் ஏறி ஓடியது. குடித்த காபி தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான். வலது கையும் வலது காலும் பேருக்கு இருக்கின்றன. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் உருட்டி உருட்டித்தான் வெளியே தள்ளுவார். கோலை ஊன்றி பாத்ரூம் வரை போய் வருவார். மற்றபடி நான் காலையில் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் திரும்புகிற வரை அந்த நாற்காலியும் அந்த டிவியும்தான் அவருக்கு உலகம். தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தலுக்கு டிவி ஓடுகிறது என்பது எனக்கு ஒரு பெரிய சமாதானமாக இருந்தது.

"சிரிக்கறீங்களா? ராத்திரி இதுல ஒண்ணு வாய்க்குள்ள பூந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கினேன். உள்ளே இன்னும் சரசரவென்று சத்தம் கேட்டது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை விருத்தாசலத்தில் எங்களை மாதிரி பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும்.

எங்கள் கம்பெனியில் பியூஸ் கட்டை செய்கிறோம். கரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பீங்கானில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சூளையில் வெந்து வந்ததை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. கணீரென்றால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல், தூக்கிப்போட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் சூளைக்காரராக இருந்தவர். சூளைக்கு மேலே, சூடு படும்படி, ஒரு பலகை போட்டிருக்கும். மழைக்காலத்தில் இன்னும் வேகாத பச்சைக் கட்டைகளை அதில்தான் உலர்த்துவார்கள். கட்டைகள் இல்லாத நாளில் அது எங்களுக்குச் சொந்தம். நனைந்த புடவை, செருப்பு, குடை, கூழ் வடகம் எல்லாம் அங்கேதான் காயும். கழிவறைத் தொட்டிக்குள் விழுந்த ஒரு போனைக்கூட அந்தப் பலகைதான் பிழைக்கவைத்தது. அதை இப்போதும் ஒரு அக்கா காதில் வைத்துப் பேசுகிறாள். அந்தக் காதைப் பார்த்தாலே எனக்கு என்னவோ செய்யும்.

சூடு தாங்காமல் கரப்பான் ஓடிவிடும் என்று நினைத்துப் பெட்டியை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். சூளைப் பலகையில் வைத்தேன். கட்டைகளைத் தட்ட உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். லோடு அவசரத்தில் மறந்துபோனது. சாப்பாட்டு நேரத்தில் இப்போதைய சூளைக்காரர் வந்து, "அக்கா, உன் பொட்டி வெந்துட்டுது, எடுத்துக்கறியா, இன்னொரு வேக்காடு வுடட்டுமா" என்று கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி நடுவில் அமுங்கிப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பொசுங்கின நாற்றம் வேறு. பிளாஸ்டிக்கோடு பூச்சிகளும் சேர்ந்து கருகினால் என்ன வாசனை வரும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனியே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போதாக்குறைக்கு, காலையிலேயே தப்பித்திருந்த ஒரு கரப்பான் என் டிபன் பையிலிருந்து வெளியே வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பெட்டி செத்தது. அடுத்த பெட்டி எது என்பதுதான் கேள்வி. ஓசூரில் இருக்கும் என் மகளிடம் போனில் சொன்னதும், பழைய மாதிரியே ஒன்று வாங்காதே, இன்டர்நெட்டில் ஓடுகிற புதுப் பெட்டி வாங்கு, எந்தப் படத்தையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்றாள்.

"எனக்கு எந்த நேரத்துல நேரம் இருக்குது?" என்றேன்.

"நீ வாணாம்னா அப்பா பாப்பாரும்மா. நாளெல்லாம் வூட்ல தனியா இருக்காரு."

"ஒங்கப்பாவுக்கு எதுக்குடி? அவருக்கு அந்த எண்ணெய்க்காரி ஒருத்தி போதும்."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இது எங்கள் வீட்டில் பழைய கேலி. எண்ணெய்க்காரி என்று நாங்கள் சொல்வது டிவி விளம்பரத்தில் வருகிற ஒரு பெண்ணை. ராசிபலன் போடுகிற சேனலில், அது முடிந்ததும் பகல் முழுக்க வியாபாரம்தான். ராசிக்கல், மூலத்துக்குப் பொடி, சர்க்கரைக்குச் சூரணம், ஆண்மைக்கு லேகியம். நடுநடுவே இந்தப் பெண் வந்து யாரோ ஒரு ஆளின் தொடையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, வலி போச்சா, போச்சா என்று குழைவாள். அதைப் பார்த்தாலே எனக்குக் கூசும். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறபோதெல்லாம் அவள்தான் தேய்த்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் வாயோரம் எச்சில் வழிய அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் அருவருப்பு வந்தது. நோயாளி மேல் வரக்கூடாது என்று தெரியும், வந்தது. எச்சிலைத் துடைப்பேன், வேட்டி மாற்றுவேன், மலம் கழுவுவேன், அதிலெல்லாம் மனம் சுளிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். ஆனால் இத்தனை சேனல் இருக்கும்போது இந்த மனுஷன் தினமும் தேடிப்பிடித்து இந்தக் கண்றாவியைப் பார்க்கிறாரே என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. "இந்த வயசுல, இந்த நெலமையில, வெக்கமா இல்ல?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். கம்பெனியிலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மகளிடம் போனில் சொல்லும்போது அவர் அந்த அறையில்தான் இருப்பார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாட்டிக்கொண்டதால் வந்த வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

பெட்டி இல்லாத நாலு நாளும் டிவியில் நீலத்திரைதான். ஏங்கிப்போவார் என்று நினைத்தேன். மாறாக, முகம் தெளிவாக இருந்தது. வைத்துவிட்டுப் போன சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தார். கீரைக்காரம்மா வாசலில் வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனதாகச் சொன்னார். எண்ணெய்க்காரி இல்லாததால் கீரைக்காரியா என்று அதற்கும் ஒரு குத்து குத்தினேன். என் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் வந்தார். பாக்கை மென்றபடி செருப்போடு நடுவீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் பழைய மாதிரிப் பெட்டி, இன்னொரு கையில் என் மகள் சொன்ன புதுப் பெட்டி. உள்ளங்கை அகலம்கூட இல்லை. நான் பழக்கதோஷத்தில் இரண்டையும் ஒரு கரண்டியால் தட்டிப் பார்த்தேன். இரண்டும் சொத்தென்று கேட்டன.

"அக்கா, இது தேங்கா இல்லக்கா" என்றார்.

"எதுவா இருந்தா இன்னா? உள்ள ஒண்ணுமில்லாத சத்தமா இருக்குது."

"உள்ள இல்லாத படமே இல்லக்கா. இப்பல்லாம் யாரு கேபிள் பாக்கறாங்க, சொல்லுங்க. மங்கலம்பேட்டையில வூட்டுக்கு வூடு இதான். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

புதுப் பெட்டியை மாட்டி, தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். டிவி கண் திறந்தது. அதில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? வரிசை வரிசையாகப் படங்கள். ஒருத்தன் கையில் ரத்தம் சொட்டுகிற கத்தி. ஒருத்தி கழுத்தில் துப்பாக்கி. அரைகுறைத் துணியோடு ஒரு ஜோடி. ஒருவன் வாயில் இன்னொருவன் கறித்துண்டைத் திணிக்கிறான். எதையும் தொடாமலே அதுஅது தானாக ஓட ஆரம்பித்து உறுமியது. எச்சில் இலைகளை வரிசையாகப் பரப்பி வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்வது போல இருந்தது. அதற்கு நடுவில் என் போன் நம்பர் கேட்டது, வயது கேட்டது, ஒரு மாதம் இலவசம் என்று இளித்தது. கரப்பான் இருந்த பெட்டியே தேவலை என்று தோன்றியது. கரப்பானாவது வயது கேட்கவில்லை.

"வாணாம். பழசே குடுங்க" என்றேன்.

"அவசரப்படாதீங்கக்கா. இதுல பேசினாலே போதும்." ரிமோட்டை என் வீட்டுக்காரர் வாய்க்கு எதிரே நீட்டினார். "அண்ணே, இன்னா வேணுமோ சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முயற்சி செய்து எதையோ சொன்னார். எனக்கே பாதிதான் புரிந்தது. பெட்டி, மறுபடி சொல்லுங்கள் என்று எழுதிக் காட்டியது. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி சொல்லுங்கள் என்றது. மூன்றாவது தடவை அவர் வாயைத் திறக்கவில்லை. கேபிள்காரர் ரிமோட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "செட்டாவலக்கா. பட்டன்லயே போட்டுக்கட்டும். அண்ணன் இன்னா பாப்பாரு? அத்த மொதல்ல வர்ற மாதிரி வச்சுத் தரேன்" என்றார். அவர் சட்டையில் துடைத்தது எனக்குச் சுருக்கென்றது. அந்த எச்சிலைக் கண்டு நான் முகம் சுளிக்கலாம், அடுத்தவர் சுளித்தால் பொறுக்கவில்லை. ஆனாலும் பதில் என் வாயிலிருந்துதான் வந்தது.

"அவருக்கு அந்த ராசிபலன் சேனல்தான் உசுரு. அத்த வைங்க. வேற எதையும் பாக்க மாட்டாரு."

"அதுக்கு எதுக்குக்கா புதுசு? பழசே போதும்." அலுத்துக்கொண்டே பழைய மாதிரிப் பெட்டியைப் பிரித்தார். அதன் ரிமோட்டை எடுத்தார். எங்கள் பழைய ரிமோட்டில் சுற்றியிருந்த கவரைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவினார். "இதுக்கும் கவரு போட்டுடட்டுமா?"

"போடுங்க. ரெண்டாப் போடுங்க. சோத்துக் கையோட தொடுவாரு."

"வாணாம்."

என் வீட்டுக்காரர்தான். இரண்டு வருஷத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"இன்னா வாணாம்? பொட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். இடது கையை நீட்டிக் கவரைக் காட்டினார். "அது."

"ஈ மொய்க்குதுங்க. எவ்ளோ தடவை தொடைக்கறது?"

"வழுக்குது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த புதிதில் ரிமோட்டை எடுத்தபோது சாம்பாரும் பருக்கையும் எச்சிலுமாக என் கையில் பிசுபிசுத்தது. எனக்குக் குமட்டியது. அன்றைக்கே அதைக் கழுவித் துடைத்து, ஒன்றுக்கு இரண்டாகக் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். அதற்குப் பிறகு ரிமோட் சுத்தமாகவே இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

"எப்பலேருந்து வழுக்குது?"

"போட்டதுலேருந்து."

கேபிள்காரர் மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப சேனலு எப்படி மாத்துவீங்க?" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் எடுத்தது. "நீ... போட்டுட்டுப் போறதுதான்."

ஸ்டூலிலிருந்து பழைய ரிமோட்டை எடுத்தேன். இடது கையில் மட்டும் பிடித்து, அதே கையின் கட்டை விரலால் பட்டனை அழுத்தப் பார்த்தேன். கவர் நழுவியது, ரிமோட் விரலுக்கடியில் சுழன்றது. இன்னும் அழுத்தினேன். கையிலிருந்து எகிறித் தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். அவரால் குனிய முடியாது.

ஆக, காலையில் தலை வாரும்போது எனக்காக நான் போட்ட சேனல். அதை மாற்றாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். அதன் பிறகு மூலப்பொடியும் லேகியமும் எண்ணெயும், பகல் முழுக்க, இரண்டு வருஷம். மாற்ற முடியாது, கோலை ஊன்றிய ஒற்றைக் கையால் சுவிட்சை எட்டி அணைக்க முடியாது, நாற்காலியைத் திருப்ப முடியாது. கண்ணை மூடிக்கொண்டால் காதில் கேட்கும். சாயங்காலம் நான் வந்து வெட்கமில்லையா என்று கேட்பேன். மயிரிழை விரிசலைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவள் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். ரிமோட் நான் வைத்த இடத்திலேயே, வைத்த மேனிக்கே, ஒவ்வொரு சாயங்காலமும் கிடந்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. எனக்கு என்னைக் கண்டே குமட்டியது. அதற்கு வேறு வார்த்தை இல்லை.

"ஏங்க சொல்லல?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"சொல்ல வந்தேன். நீயும் பொண்ணும்... சிரிச்சீங்க."

கேபிள்காரர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் தன் காலில் செருப்பு இருப்பதைப் பார்த்தவர் போல, மெதுவாகப் போய் வாசலில் கழற்றிவிட்டு வந்தார். தான் கொண்டுவந்த இரண்டு ரிமோட்டையும் எடுத்து, என்னிடம் கொடுக்காமல், என் வீட்டுக்காரர் மடியில் வைத்தார். "அண்ணே, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் பழைய மாதிரி ரிமோட்டை இடது கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். கவர் இல்லாமலும் அதன் பட்டன் கல் மாதிரி இருந்தது. கீழே வைத்தார். புதுப் பெட்டியின் ரிமோட் சின்னது, பட்டன்களும் கொஞ்சம்தான். நடுவில் ஒரு வட்டம். அதில் கட்டை விரலை வைத்தார். டக்கென்று அமுங்கியது. திரையில் கத்திக்காரன் போய்ப் பக்கத்துப் படம் வந்தது. மறுபடி அழுத்தினார். அடுத்தது. அடுத்தது. சின்னப்பிள்ளை கையில் சுவிட்சு கிடைத்த மாதிரி அழுத்திக்கொண்டே போனார். பிறகு மேலே இருந்த சிவப்புப் பட்டனைத் தேடிப்பிடித்து டிவியை அணைத்தார். இருட்டான திரையை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார்.

"இது" என்றார்.

அந்தப் பெட்டிக்கு எதிராக நான் அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் நிறைய. ரத்தம், துப்பாக்கி, வயது கேட்கிற திமிர். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நெட் கனெக்‌ஷனுக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். அன்றைக்கே ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை தலை வாரும்போது ராசிபலன் போடவில்லை. என் ராசிக்கு என்ன வரும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ரிமோட்டை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேங்க" என்றேன். டிவி அணைந்துதான் இருந்தது. மகளுக்குப் போன் செய்து, இனிமேல் எண்ணெய்க்காரி பேச்சை எடுக்காதே என்றேன். ஏம்மா என்றாள். சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது திரையில் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில் பெரிய கப்பல் ஒன்றை வெட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சேறும் துருவும் கறுப்பு எண்ணெயுமாக, பார்க்கவே சகிக்கவில்லை. பேசுவது எந்த மொழி என்றுகூட எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. படம் சட்டென்று நின்று, இன்னும் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. நான் பக்கத்தில் போவதற்குள் அவர் கட்டை விரல் அமுங்கிவிட்டது. கப்பல் மறுபடி உடைந்தது.

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். சாம்பார் காய்ந்திருந்தது, நடுவட்டத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது, எல்லாம் பிசுபிசுப்பு. குமட்டியது. பொய் சொல்வானேன், பழைய மாதிரியேதான் குமட்டியது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அது காய்வதற்குள் அவர் இடது கை நீண்டது. கொடுத்துவிட்டேன்.